கேளாச் செவியின் இரைச்சல்

2018-ஆம் ஆண்டு தவக்காலத்தின் மூன்றாம் வாரம். மன்னார் வளைகுடாவை ஒட்டிய கடற்கரைப் பங்கு ஒன்றில் அப்போது பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒக்கிப் புயல் தென்கடலோரத்தைச் சூறையாடிவிட்டுப் போய் மூன்று மாதங்களே ஆகியிருந்தன. கடல் சற்று உரக்க இரைந்தாலும் ஊரார் எழுந்து வாசலுக்கு வந்துவிடும் காலம் அது. ஒரு நாள் பின்னிரவு மூன்று மணியளவில் கண்விழித்தபோது கடல் பேரிரைச்சலோடு பொங்குவதைக் கேட்டேன். டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடினேன்.

கடல் குளத்து நீர்போல் கிடந்தது. படகுகள் அசையாமல் நின்றன. மணலில் படுத்திருந்த நாய் ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மீண்டும் சுருண்டுகொண்டது. இரைச்சல் மட்டும் ஓயவில்லை. வலக்காதை விரலால் அடைத்தேன், மாற்றமில்லை. இடக்காதை அடைத்தேன், உலகம் முழுவதும் மறைந்துபோய், அந்த இரைச்சல் மட்டுமே எஞ்சி நின்றது. கடல் வெளியே இல்லை, என் தலைக்குள் இருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

சளி அடைத்திருக்கும் என்று எண்ணினேன். கோவில்பிள்ளை எண்ணெய் காய்ச்சி ஊற்றச் சொன்னார். மருந்துக்கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். ஆறாம் நாள் பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, "செவிப்பறை நன்றாகத்தான் இருக்கிறது, ஃபாதர். சளிதான். பத்து நாளில் திறந்துகொள்ளும்" என்று மாத்திரை எழுதித் தந்தார். செவிப்பறை நன்றாக இருந்தும் காது கேட்கவில்லை என்பதே அஞ்ச வேண்டிய அறிகுறி என்பது அன்று எனக்குத் தெரியாது. பிறகு குருத்து ஞாயிறு வந்தது. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, பாஸ்கா இரவு என்று நாட்கள் ஓடின. உயிர்ப்பு ஞாயிற்றுக்கு அடுத்த செவ்வாயன்று நகரத்திலுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவர்முன் அமர்ந்தபோது 27 நாட்கள் கழிந்திருந்தன.

அவர் ஒரு சிறு அறைக்குள் என்னை உட்கார வைத்து ஆடியோகிராம் எடுக்கச் செய்தார். வலக்காதுக்குரிய கோடு உயர்ந்த சுருதிகளை நெருங்க நெருங்கப் பள்ளத்தாக்கில் விழுவதுபோல் இறங்கி, 70 டெசிபலுக்கும் கீழே போயிற்று. "இது சளியன்று, உட்செவியின் பாதிப்பு. இரண்டு வாரங்களுக்குள் வந்திருந்தால்…" என்றவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடித்திருக்கலாம். முடியாத அந்த வாக்கியம் பல மாதங்கள் என்னைத் தொடர்ந்தது.

வாசகருக்குப் பயன்படும் என்பதால் இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளிலேனும் 30 டெசிபல் அளவுக்குக் கேட்கும் ஆற்றல் சரிந்துவிட்டால் மருத்துவர்கள் அதைத் திடீர்ச் செவிட்டுத்தன்மை என்கிறார்கள். பெரும்பாலும் ஒரு காதில்தான் வருகிறது. பெரும்பாலோரிடம் காரணம் இன்னதென்று அகப்படுவதுமில்லை. ஸ்டீராய்டு மருந்து எவ்வளவு விரைவில் தொடங்கப்படுகிறதோ அவ்வளவு நல்லது. வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று முனகிப் பாருங்கள். அழுக்காலோ சளியாலோ அடைத்த காதென்றால் அந்த முனகல் அடைத்த பக்கமே உரக்கக் கேட்கும். நல்ல காதின் பக்கம் ஒதுங்கிக் கேட்டால், பழுது உட்செவியில் இருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இசைக்கவையைக் கொண்டு மருத்துவர்கள் செய்யும் சோதனையும் இதே தத்துவத்தில் அமைந்ததுதான். நாள்தோறும் திருப்பலியில் பாடுகிறவன் நான். என் குரல் இடப்பக்கமே ஒதுங்கிக் கேட்டதை அந்த 27 நாட்களும் உணர்ந்திருந்தேன். அதன் பொருள்தான் தெரியாமற்போயிற்று.

செவிப்பறையின் வழியாக வாரம் ஒன்றாக ஊசிகள் போட்டார்கள். தலைக்கு எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, கட்டி ஏதுமில்லை என்று உறுதி செய்தார்கள். தாழ்ந்த சுருதிகள் ஓரளவு மீண்டன. வியப்பு என்னவென்றால், அவை மீண்டதும் கடலிரைச்சலும் அடங்கியது. அதனிடத்தில், தொலைவில் யாரோ மூச்சு விடாமல் சீழ்க்கை அடிப்பதுபோன்ற மெல்லிய ஒலி ஒன்று எஞ்சியது. செவித்திறன் ஆய்வாளரான அந்தப் பெண்மணி ஒவ்வொரு சுருதியாக ஒலித்துக் காட்டி, என் சீழ்க்கைக்கு இணையானது 6000 ஹெர்ட்ஸ் என்று கண்டார். ஆடியோகிராமில் என் கோடு மிக ஆழத்தில் கிடந்த இடமும் அதுவே. எந்தச் சுருதியை என் காது இழந்ததோ, அதே சுருதியில்தான் இரைச்சலும் ஒலித்தது. கேளாத காது எப்படிக் கேட்கிறது? இந்தக் கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது.

குருமடத்தில் சேருமுன் பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தவன் நான். அந்தப் பழைய பழக்கம் கைகொடுத்தது. ஆய்வாளரிடம் பாடநூல் இரவல் வாங்கினேன். பிறகு ஆய்வுக்கட்டுரைகளைத் தேடத் தொடங்கினேன். மறையுரை ஆயத்தத்துக்குரிய சனிக்கிழமை மாலைகளையும் அது விழுங்கிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உட்செவியில் சங்கின் உட்புறம்போலச் சுருண்ட எலும்புக் குழல் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ இரண்டரைச் சுற்று. அதனுள்ளே வரிசை வரிசையாக ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள். அவற்றுள் ஒலியை நரம்புக்குக் கையளிக்கும் உள்வரிசைச் செல்கள் 3,500 அளவே. பிறக்கும்போது எத்தனை உண்டோ அத்தனைதான். மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கின்றன! கோழிக்குஞ்சும் காடையும் இழந்த மயிரிழைச் செல்களைத் திரும்பப் பெறுவதை 1988-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பேதுருவை அழவைத்த சேவல் செவிடாகியிருந்தாலும் அதற்கு மீட்பு உண்டு, பேதுருவுக்கு இல்லை. இதைப் படித்த இரவு தனியே இருந்து சிரித்தேன். காது போனபின் நான் சிரித்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

இந்தச் செல்கள் சிதைந்தால் செவிடு வர வேண்டும். இரைச்சல் ஏன் வர வேண்டும்? புண்பட்ட நரம்பு துடித்துக் கூச்சலிடுகிறது என்றே நானும் நினைத்திருந்தேன். அப்படியானால் செவிநரம்பை அறுத்துவிட்டால் ஒலி நிற்க வேண்டுமல்லவா? கட்டிக்காகச் செவிநரம்பு அறுக்கப்பட்ட பலருக்கு இரைச்சல் நிற்கவில்லை. சிலருக்குக் கூடவும் செய்தது. ஆகவே ஒலியின் ஊற்று காதில் இல்லை. விலங்குகளில் செய்த ஆய்வுகள் இதைவிட விந்தையான ஒன்றைக் காட்டின. நல்ல காதில் முழு அமைதியிலும் செவிநரம்பின் இழைகள் ஓயாமல் சிறு துடிப்புகளை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. செல்கள் சிதைந்தபின் அந்தத் துடிப்புகள் கூடுவதில்லை, குறைகின்றன. ஆனால் அவற்றை வாங்கிக்கொள்ளும் மூளைத்தண்டின் முதல் நிலையத்திலும் அதற்கு மேலுள்ள நிலையங்களிலும் துடிப்பு மிகுகிறது. நரம்பு ஊமையாகும்போதுதான் மூளை உரக்கப் பேசத் தொடங்குகிறது.

கரையில் விளையாடும் பிள்ளைகள் சங்கைக் காதில் வைத்துக் கடலோசை கேட்பார்கள். சங்குக்குள் கடல் இல்லை. சுற்றியிருக்கும் காற்றின் நுண்ணிய ஓசைகளை அந்த வளைவு வாங்கிப் பெருக்கித் தருகிறது. மூளையும் ஏறத்தாழ அதைத்தான் செய்கிறது. வழக்கமாக வந்துகொண்டிருந்த செய்தி திடீரென்று வராமற்போகவே, தொலைவில் பேசுகிறவனைக் கேட்பதற்காக வானொலியின் குமிழைத் திருகிக்கொண்டே போவதுபோல், தன் உணர்திறனை உயர்த்திக்கொண்டே போகிறது. அடக்கிவைக்கும் நரம்புச் செய்திகள் தளர்கின்றன. தூண்டும் செய்திகள் ஓங்குகின்றன. வானொலியில் நிலையம் அகப்படவில்லை, கரகரப்புத்தான் பெருகுகிறது. அந்தக் கரகரப்பு மூளையின் சொந்தத் துடிப்பு. அதையே ஒலி என்று அது நமக்கு அறிவிக்கிறது. காதிரைச்சலுக்கு இன்று தரப்படும் விளக்கங்களில் மிகுதியாக எடுத்துரைக்கப்படுவது இதுவே.

இதற்குச் சான்றுகள் உண்டு. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் நன்றாகக் காது கேட்கும் 80 பேரை ஒலிபுகா அறையில் சில நிமிடங்கள் அமர்த்தினார்கள். நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஓர் ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள். 2012-இல் வெளியான ஆய்வொன்றில் 18 பேர் ஒரு காதில் மட்டும் அடைப்பானைச் செருகிக்கொண்டு ஏழு நாட்கள் இருந்தார்கள். அவர்களில் 14 பேருக்கு இரைச்சல் தோன்றியது. அடைப்பான் எந்தச் சுருதிகளைத் தடுத்ததோ ஏறத்தாழ அந்தச் சுருதிகளிலேயே தோன்றியது. அடைப்பானை எடுத்ததும் மறைந்தது. ஒரு காது முற்றிலும் போய், இரைச்சலால் வாழ்வே பாழானவர்களுக்கு உட்செவிக் கருவி பொருத்தி, இழந்த செய்தியை மின்துடிப்பாக மூளைக்கு மீண்டும் கொடுத்தபோது பெரும்பாலோருக்கு இரைச்சல் தணிந்ததை பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் மருத்துவர்கள் 2008-இல் எழுதினார்கள். என் தாழ்ந்த சுருதிகள் மீண்டதும் கடலிரைச்சல் அடங்கியதும் இதனோடு பொருந்திற்று.

இழந்த காலில் வலி கேட்பவர்களைப் பற்றி நாம் அறிவோம். அமெரிக்க மருத்துவர் வியர் மிட்செல் 1871-இல் அதற்கு 'மாய உறுப்பு' என்ற பொருள்படும் பெயரிட்டார். நம் தமிழ்நாட்டில் பிறந்த வி. எஸ். இராமச்சந்திரன் கண்ணாடிப் பெட்டி ஒன்றைக் கொண்டு அந்த மாயக் கையின் வலியைத் தணிக்க முயன்றது உலகப் புகழ் பெற்றது. 1990-இல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற அறிஞர் காதிரைச்சலையும் இதே வரிசையில் வைத்து, மாய ஒலி என்றார். ஒலியின் அளவன்று, அச்சமும் துயரமும் சுரக்கும் மூளைப்பகுதிகளோடு அந்த ஒலி பின்னிக்கொள்வதே துன்பத்தின் வேர் என்பது அவர் கருத்து. ஒரே அளவு செவிடான இருவரில் ஒருவருக்கு இரைச்சல் வருவதும் மற்றவருக்கு வராமற்போவதும் ஏன் என்பதில் மட்டும் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவர் 19-ஆம் நூற்றாண்டின் செக் இசைமேதை ஸ்மெத்தனா. பிராகு நகர நாடக அரங்கின் இசை நடத்துநராக இருந்தவர், 1874-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்துக்குள் இரு காதுகளையும் இழந்துவிட்டார். அதே ஆண்டின் இறுதியில், தம் நாட்டு நதியாகிய வல்தாவாவைப் பற்றிய இசையை ஒரு சுரமும் கேளாமலே எழுதினார். அதை ஒலிநாடாவில் கேட்டவர்கள் நம்மிலும் பலர் இருப்பார்கள். 1876-இல் 'என் வாழ்விலிருந்து' என்ற நால்வர் இசையைப் படைத்தார். அதன் கடைசிப் பகுதி மகிழ்ச்சியாகத் துள்ளிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எல்லாம் நின்று, வயலின் ஒன்று மிக உயர்ந்த ஒரே சுரத்தை நீட்டிப் பிடிக்கிறது. தம் செவிட்டின் தொடக்கத்தில் காதுக்குள் கேட்ட சீழ்க்கை அதுதான் என்று அவரே விளக்கியிருக்கிறார். அதை என் இடக்காதால் கேட்டேன். வலக்காது தன்னுடையதை நிறுத்தாமல் உடன் வாசித்தது.

இனி, சொல்லத் தயங்கும் ஒன்று. எங்கள் கோவிலில் குருவின் வலப்பக்கத்தில்தான் பாவசங்கீர்த்தனக் கிராதி இருந்தது. 'நான் கேட்கிறேன்' என்பதன் அடையாளமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் நான் சாய்த்துவந்த காது அந்த வலக்காது. காது போனபிறகும் அங்கேயே அமர்ந்தேன். தலையைத் திருப்பி இடக்காதைக் கொடுக்க முயன்றேன், கழுத்து வலித்தது. கிசுகிசுப்பான குரலில் மெய்யெழுத்துகள் உயர்ந்த சுருதியில்தான் ஒலிக்கின்றன; அந்தச் சுருதியெல்லாம் எனக்குச் சீழ்க்கையாகிவிட்டிருந்தது. யார், எப்போது என்பது எவருக்கும் உரியதன்று. ஒருமுறை கிராதிக்கு அப்பாலிருந்து வந்தது அழுகை என்று மட்டும் தெரிந்தது. சொற்கள் ஒன்றுமே பிடிபடவில்லை. "மீண்டும் சொல்லுங்கள்" என்று ஒருமுறை கேட்டேன். மறுபடியும் பிடிபடவில்லை. இரண்டாம் முறை கேட்க நாணினேன். இன்னதாகத்தான் இருக்கும் என்று நானே ஊகித்துக்கொண்டு, பொதுவான அறிவுரை ஒன்றைக் கூறி, மன்னிப்பு வழங்கி அனுப்பிவிட்டேன்.

பல வாரங்கள் கழித்து ஆய்வுக்கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தேன். செய்தி வராத இடத்தில், வரவில்லை என்று ஏற்றுக்கொள்ளாமல், தன்னிடமிருப்பதைக் கொண்டே மூளை இட்டு நிரப்புகிறது என்ற பொருளில் அங்கே எழுதியிருந்தது. நான் செய்ததும் வேறன்று.

என் சொந்தப் பாவசங்கீர்த்தனத்தில் நான் சொன்னதை நானே வெளியிடத் தடையில்லை. முதுகுருவான என் ஒப்புரவுத் தந்தை பொறுமையாகக் கேட்டார். அருட்சாதனம் செல்லும், அதைப் பற்றிக் கலங்க வேண்டாம் என்றார். பிறகு, "காது கேட்காதது உம் குற்றமில்லை. கேட்கவில்லை என்று சொல்ல உமக்கு ஏன் அத்தனை கடினமாயிற்று?" என்றார். என்னால் விடை சொல்ல முடியவில்லை. அடுத்த ஞாயிறு திருப்பலியின் இறுதியில், அறிவிப்புகளோடு அறிவிப்பாக, எனக்கு வலக்காது கேளாது என்று மக்களிடம் சொன்னேன். தச்சர் வந்து கிராதியை இடப்பக்கம் மாற்றினார். "எங்க அம்மா காலத்துலேர்ந்து இந்தப் பக்கம்தானே சாமி முட்டுப்போட்டோம்" என்று பாட்டிமார் சிலர் முறையிட்டார்கள். கோவில்பிள்ளையோ, குரல் வெளியே கேட்காதிருக்கக் காத்திருப்போர் பெஞ்சுகளை ஆறு வரிசை பின்னால் தள்ளிப் போட்டார்.

ஊரில் வேறு விளக்கங்களும் உலவின. ஆண்டவர் என்னிடம் பேசுகிறார், சாமுவேலைப் போல் நான் செவிகொடுக்க வேண்டும் என்றார் ஒரு மூதாட்டி. அன்பினால் சொன்னது, ஆயினும் என்னால் ஏற்க இயலவில்லை. சீலோவில் சிறுவன் சாமுவேலை அழைத்த குரல் அவன் பெயரைச் சொன்னது. என் சீழ்க்கை எவர் பெயரையும் சொல்வதில்லை. அதைத் தண்டனை என்றும் நான் கருதவில்லை. பழுதுபட்ட உறுப்பொன்றுக்காக மூளை காத்திருக்கும் ஓசை அது; அவ்வளவே. இப்படி அறிந்தபின் அதனோடு சண்டையிடுவதை விட்டேன். ஒலி குறையவில்லை. அதை வெறுமையாக்கும் மருந்து ஏதும் இன்றில்லை. வலக்காதில் அணியும் கருவி பகலில் உதவுகிறது. இரவில் மின்விசிறி உதவுகிறது. மனப்பயிற்சி துன்பத்தைக் குறைக்கும், ஒலியைக் குறைக்காது என்கிறார்கள் ஆய்வாளர்கள். என் அனுபவமும் அதுவே. ஆனால் ஆண்டவர்முன் அமைதியில் அமரும் வேளை இன்றும் எனக்குக் கடினமானது. என்னைச் சுற்றியுள்ளவர்களுக்கு அமைதி தொடங்கும்போது எனக்கு இரைச்சல் தொடங்குகிறது. இதை எப்படிச் செபமாக்குவது என்று சொல்லித் தரும் நூல் எதையும் நான் காணவில்லை.

2019-இல் சங்கு குளிக்கும் இளைஞன் ஒருவன் மாலைவேளை பங்கு இல்லத்துக்கு வந்தான். முதல் நாள் ஆழத்திலிருந்து மேலே வரும்போது இடக்காதில் 'டப்' என்று கேட்டதாம். அதற்குப்பின் தலைசுற்றல், காதடைப்பு, இரைச்சல். "சளிதான் சாமி, ரெண்டு நாள்ல சரியாயிரும்னு பாட்டையா சொல்லுறாரு" என்றான். முனகிப் பார்க்கச் சொன்னேன். முனகினான். "எந்தப் பக்கம் கேட்குது?" என்றேன். வலப்பக்கம் கையைக் காட்டினான். அவனை அடுத்த பேருந்திலேயே நகரத்துக்குக் கூட்டிச் சென்றேன். நீரழுத்தத்தால் உட்செவி புண்பட்டிருக்கிறது என்றார் மருத்துவர். அதே இரவு ஸ்டீராய்டு தொடங்கி, தலையை உயர்த்திப் படுக்கச் செய்து, இனிக் குளிக்கக் கூடாது என்று எச்சரித்தார்.

ஆறு வாரங்களுக்குப்பின் அவன் ஆடியோகிராமை எடுத்துக்கொண்டு வந்தான். கோடு பெரும்பாலும் மேலே ஏறியிருந்தது.

"இரைச்சல் இருக்கா?" என்று கேட்டேன்.

"ராத்திரியில மட்டும் கொஞ்சம் இருக்கு சாமி. கடல் சத்தமா, காதுச் சத்தமான்னுதான் தெரியல."

"எழும்பிக் கரைக்குப் போய்ப் பாரு" என்றேன்.